கரி உண்ட நஞ்சு

கண்ணுக்குப் புலப்படாததை அளந்து, கேட்க விரும்பாதவர்களிடம் சொல்வதே சுற்றுச்சூழல் வேதியியலாளரின் தொழில். மலேசியாவின் ஈப்போ நகரில் ஆய்வுக்கூடமே கதியென்று கிடக்கும் நான், இதே பாடுபடும் சக வேதியியலாளர்களாகிய உங்களிடமன்றி வேறு யாரிடம் முறையிடுவேன்?

இனிக்கும் கிணறு

பீடோருக்கு அப்பால் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் மரங்கள் பெரும்பாலும் போய், எண்ணெய் தரும் செம்பனை வந்துவிட்டது. சிவன் கோயிலும் அதன் கிணறும் சில குடும்பங்களும் எஞ்சியுள்ளன. குழாய் நீர் அங்கே எட்டவில்லை. பக்கத்தில் கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கக் குட்டை. கிணற்று நீரைச் சோதித்தேன். ஆர்செனிக் என்னும் நஞ்சு, பருகத்தக்க அளவைத் தாண்டியிருந்தது. கோயிலைக் கூட்டிப் பெருக்கும் லெட்சுமியின் உள்ளங்கைகளில் கறுத்துத் தடித்த புள்ளிகள் இருந்தன; அந்நஞ்சு உடலில் ஏறியதன் அடையாளம். இந்நீரைக் குடிக்க வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார்.

"இது ரப்பர் பால் வெட்டுன கைண்ணே. தண்ணி இனிக்குதே, வெஷம்னா கசக்கணும்ல?"

பெயர் மாற்றம்

ரப்பர் விதையின் ஓட்டைக் கரியாக்கி, இரும்புச் சேர்மம் பூசினால், அது ஆர்செனிக்கைப் பற்றிக்கொள்ளும். இதைக் கொண்டு கிணற்றுக்கு வடிகட்டி அமைக்க நிதி கேட்டேன், மறுத்துவிட்டனர். அடுத்த அறை ஆய்வாளர் குமரன் ஏறத்தாழ அதே கரியை மின்கலத்துக்கென்று எழுதி நிதி பெற்றவர். என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து வருந்தினார்.

"தண்ணின்னு எழுதுனா யாரு சார் பார்ப்பா? பேட்டரின்னு எழுதுங்கலா, எழுந்து நின்னு குடுப்பானுங்க."

உவமை

வடிகட்டியை நானே அமைத்தேன். லெட்சுமி, மிஞ்சிய மரங்களின் அடியில் விதை பொறுக்கித் தந்தார். வடிந்த நீரில் நஞ்சில்லை. ஆயினும் கரித்தண்ணீர் என்று எவரும் தொடவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் விளக்கினேன்: பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை ஈசன் உண்டு கண்டத்தில் நிறுத்தினான், தேவர்கள் பிழைத்தார்கள், இக்கரியும் நஞ்சைத் தன்னுள் நிறுத்தி நம்மைக் காக்கிறது. லெட்சுமி கைகூப்பினார். அன்று மாலையே குடங்கள் வரிசையில் நின்றன.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லண்ணே!"

நெற்றிகள்

கரி ஓரளவுக்கு மேல் நஞ்சை ஏற்காது, மாற்ற வேண்டும். பழைய கரியை மூட்டையாகக் கட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். எடுத்துச்செல்லப் போனபோது மூட்டை இளைத்திருந்தது. பூசை முடிந்து வந்த குழந்தைகளின் நெற்றியில், திருநீற்றுக்குக் கீழே கறுப்புப் பொட்டு. பெரியவர்கள் சிலர் நாவிலும் இட்டிருந்தனர். பதறிப்போய், அது அத்தனையும் நஞ்சு, உடனே கழுவுங்கள் என்று கூவினேன். லெட்சுமிக்கு விளங்கவேயில்லை.

"வெஷத்த முழுங்குன சாமியக் கும்புடுறோம். முழுங்குன கரிய மட்டும் குப்பையில போடணுமாண்ணே?"

ஒரு வாய்

நான் கூவியது கோயில் தலைவரின் செவியை எட்டியது. சன்னிதிக்கு அருகே நஞ்சை வைப்பதா என்று வடிகட்டியை அகற்றிவிட்டார். வாளி மீண்டும் கிணற்றில் இறங்கியது. எத்தனையோ மன்றாடினேன். கடைசியாக, நஞ்சுண்டவனுக்கே உரிய பிரதோஷ நாளில் சென்று பேசிப் பார்த்தேன், பயனில்லை. திரும்பும்போது லெட்சுமி கிணற்றுத் தீர்த்தச் செம்போடு வந்து, புள்ளி விழுந்த அந்தக் கையால் என் கையில் ஊற்றினார்.

"என்னண்ணே யோசிக்கிறீங்க? ஒரு வாய்தானே, நாங்க தெனமும் குடிக்கிறோம்லா."

அதை வாயில் விட்டு, விழுங்கவும் துப்பவும் இயலாமல் நின்றபோதுதான், கண்டத்தில் நிறுத்துவது ஈசன் ஒருவனுக்கே கைவந்த தொழில் என்பது இந்த வேதியியலாளனுக்கு விளங்கியது.