முருகன் என்னைச் சேர விடாத கோர்ஸ்

அந்த கோர்ஸில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது ஒரு லிஃப்டில். தோற்றுப்போய்க் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை. விமானக் கம்பெனியின் சிமுலேட்டர் தேர்விலிருந்து என்னை அரை மணி நேரத்துக்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். என்னிடம் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தில் பறந்த இருநூறு மணி நேரம் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பும் இருந்தது. அதிலும் விழுந்தால் அந்தக் கம்பெனி வாசலை மறுபடி மிதிக்க முடியாது.

தேர்வு நடத்திய கேப்டன் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே, பார்த்தீங்களா?" ஆங்கிலத்தில்தான் கேட்டார். தமிழில் எழுதும்போது இன்னும் வலிக்கிறது.

பெரிய விமானத்தில் இருவர் உட்காருவார்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் கவனித்துச் சொல்ல வேண்டும், கேட்டதைச் செய்ய வேண்டும். தனியாகப் பறந்தே பழகிய எனக்கு எல்லாவற்றையும் நானே செய்துதான் வழக்கம். பக்கத்திலிருந்தவர் சக்கரத்தை மடக்கும் லீவருக்குக் கை நீட்டுவதற்குள் நான் மடக்கியிருந்தேன். ரேடியோவும் நானே. திசை மாற்றியதும் நானே. பாவம், என்னைப் போலவே தேர்வுக்கு வந்திருந்த அந்தப் பையன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லிஃப்டிலேயே போனைத் திறந்தேன். "ஏர்லைன் ட்ரான்சிஷன் ட்ரெய்னிங். காக்பிட்டில் இருவராக இயங்கக் கற்றுக்கொள்ளுங்கள்." எனக்கென்றே அச்சடித்த விளம்பரம் மாதிரி இருந்தது. முருகனே அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். இப்போது அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டைத் தாண்டி, ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அந்த அகாடமி. வரவேற்றவர் தோளில் கேப்டனுக்கு இருப்பதுபோல் நான்கு கோடுகள் போட்ட சட்டை. எந்த விமானத்தில் கேப்டனாக இருந்தீர்கள் என்று கேட்டேன். தான் கவுன்சலர் என்றார். படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது, "மேடம், நெகடிவா யோசிக்கிறவங்க காக்பிட்டுக்குள்ள வரவே கூடாது." கீழே மார்க்கெட்டில் தக்காளியை அமுக்கிப் பார்க்காமல் ஒருவரும் வாங்குவதில்லை. மூன்றாவது மாடியில் அமுக்கிப் பார்த்தால் நெகடிவ்.

படியிறங்கும்போது இம்ரான் என்று ஒருவன் பின்னாலேயே வந்தான். அந்த கோர்ஸை முடித்தவன். சர்டிபிகேட் வாங்க நான்காவது முறையாக அலைந்துகொண்டிருந்தான். "நக்கோ," என்றான் முதலிலேயே. வேண்டாம். பிறகு இந்த ஊர்த் தக்கனி இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தான். சிமுலேட்டரில் ஒரு தடவைக்கு நான்கு பேர். இருவர் முன்னால், இருவர் பின்னால் ஸ்டூலில். ஸ்டூலில் உட்கார்ந்த நேரமும் பயிற்சி நேரமாகவே எழுதப்படும். அவன் தன் கையால் ஓட்டியது மூன்றே தடவை. கோர்ஸ் முடித்துப் போன தேர்விலும் விழுந்தான். நான் அவனை நம்பவில்லை. விழுந்தவன் கோர்ஸைக் குறை சொல்லாமல் வேறு யாரைச் சொல்வான் என்று நினைத்தேன். இதை எழுதிவிட்டு அவனிடம் மறுபடி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் லோன் விண்ணப்பத்தை நீட்டினேன். குஷாய்குடாவில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டை அடமானம் வைத்தால்தான் கிடைக்கும் லோன் அது. அப்பா அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மீட்டர்களைச் சோதித்துச் சான்று கொடுப்பவர். எதையும் ஒரு முறை அளந்து நம்ப மாட்டார். அன்றும் உடனே கையெழுத்துப் போடவில்லை.

"மூணு வெள்ளிக்கிழமை அம்மாகூடப் பாராயணத்துக்குப் போ. நாலாவது வெள்ளிக்கிழமை வந்து, இன்னும் வேணும்னு சொன்னா போட்டுத் தரேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சிமுலேட்டருக்கும் முருகனுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கத்தினேன். முதல் வெள்ளிக்கிழமை காலனி முருகன் சன்னிதியில் நின்று நான் செய்தது பிரார்த்தனையே இல்லை. சண்டை. பள்ளிக்கூட நாளிலிருந்து கிருத்திகை தவறாமல் வந்திருக்கிறேன், ஒரு கையெழுத்து வாங்கித் தர உன்னால் முடியாதா என்று கேட்டேன். எனக்கு அந்த கோர்ஸ் வேண்டும், அவ்வளவுதான். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

எங்கள் காலனிப் பாராயணத்துக்கு ஒரு முறை உண்டு. எதிரெதிராக இரண்டு வரிசை உட்கார வேண்டும். ஒரு வரியை இந்த வரிசை சொல்லும், அடுத்த வரியை அந்த வரிசை சொல்லும். அவர்கள் சொல்லும்போது நாம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்க வேண்டும். எனக்கு எப்போதும் அது ஆகாது. வேகமாக முடித்துவிட்டு எதிர் வரிசையின் வரிக்குள்ளும் புகுந்துவிடுவேன்.

எதிர் வரிசையில் சுந்தரி அக்கா இருந்தார். பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை. ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, பசியோடு வந்து உட்காருபவர். நாக்கு கூர்மை. இரண்டாவது வெள்ளிக்கிழமை நான் மூன்றாம் முறையாக அவர்கள் வரியை எடுத்ததும், ஊதுபத்திப் பாக்கெட்டால் என் முழங்காலில் ஒன்று வைத்தார்.

"எங்க வரிய எங்ககிட்ட விடு பைலட்டு. நாங்களும் வாய் வச்சிருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது. அடுத்த வரி எங்களுடையது. என் வாயிலிருந்து வரவில்லை. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே, பார்த்தீங்களா? அந்தக் கேப்டன் சன்னிதிக்குள் வந்து மறுபடி கேட்ட மாதிரி இருந்தது. எங்கள் ஃப்ளாட்டை அடமானம் வைத்து எதை வாங்கப் போனேனோ, அது எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும், கேட்டபின் பதில் சொல்ல வேண்டும். கண்ணீர் வந்தது. பக்திக் கண்ணீர் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். வெட்கம்தான் பாதி.

பிரசாதம் வாங்கும்போது சுந்தரி அக்காவிடம் தேர்வில் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் இரக்கப்படவில்லை. "செஞ்சவளே சரிபார்த்துட்டேன்னு கையெழுத்து போட்டா எங்க கம்பெனில மெமோ குடுப்பாங்க. உனக்கு ஏரோப்ளேனயே குடுக்கணுமா?" என்றார். அவர் வேலையில் ஒருத்தி மருந்தை எடை போடுவாள், இன்னொருத்தி பார்ப்பாள். பார்ப்பவள் கை தராசில் படவே கூடாதாம்.

மறுநாள் விமானக் காக்பிட்டின் படத்தை ஃப்ளெக்ஸ் கடையில் நிஜ அளவுக்கு அச்சடித்து, காலனி ஹாலின் சுவரில் மாட்டினேன். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அக்காவுக்கு ஷிஃப்ட் இல்லாத நாளெல்லாம் அவர் வலது நாற்காலியில். நான் ஒரு லீவரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அவர் கை அந்த லீவரின் படத்தைத் தொட வேண்டும், தொட்டதைச் சொல்ல வேண்டும். நான் அவசரப்பட்டுக் கை நீட்டினால் ஊதுபத்திப் பாக்கெட். சில நாள் வேண்டுமென்றே தப்பான லீவரைத் தொட்டுவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். நான் கவனிக்கிறேனா என்று பார்ப்பதற்கு. ஒரு நாள் கவனிக்கவில்லை. "போச்சு, நூத்தி எண்பது பேரு," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிந்தது. நாலாவது வெள்ளிக்கிழமை அப்பா பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேண்டாம் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

கார்த்திகையில் இரண்டாவது தேர்வு. இம்முறை கோர்ஸும் கேட்கவில்லை, வேலையும் கேட்கவில்லை. முருகா, என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள், இவ்வளவுதான். எனக்கு வாய்த்த துணை என்னைவிடப் பயந்தவள். ஓடுபாதையை விட்டு எழுந்ததும், விமானம் ஏறுகிறது என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஒரு நொடி. என் கை லீவர் பக்கம் துடித்தது. போகவில்லை. நான் கேட்டேன், அவள் சொன்னாள். சக்கரத்தை மடக்கச் சொன்னேன். அவள் கை பக்கத்து லீவருக்குப் போயிற்று, இறக்கை மடிப்பை இழுக்கும் லீவருக்கு. அப்போதும் நான் கையை நீட்டவில்லை. "நில்லுங்க. அது ஃப்ளாப். சக்கரம்," என்றேன். நிறுத்தினாள், சரியானதை எடுத்தாள். பின்னாலிருந்த கேப்டன் பேனாவால் ஏதோ குறித்தார். அதே கேப்டன்.

பத்தாவது நாள் மெயில் வந்தது. தேர்வாகிவிட்டேன். அவளும் தேர்வானாள். அம்மா மெயிலை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

முருகன்தான் என் கோ-பைலட் என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள மாட்டேன். அவன் செய்தது ஒன்றுதான். நான் கேட்டதைக் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் அவன் காலில் விழுகிறேன்.

லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலைக்கு அலையும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். கம்பெனி உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு கொடுக்கும் பயிற்சி வேறு. அதைச் செய்துதான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் பயத்தை மோந்து பார்த்து விற்கிறார்களே, அதைச் சொல்கிறேன். அந்தச் சர்டிபிகேட்டை என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. இருவராக வேலை செய்யும் பாடத்தைக் கம்பெனியே முதல் வாரத்தில், தன் முறைப்படி, மறுபடி ஆரம்பத்திலிருந்து நடத்துகிறது. பிறகு எதற்கு அந்த ஸ்டூல்? வீட்டை வைத்துப் பின் சீட்டு வாங்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று வாரம் பொறுங்கள். உங்கள் சாமி எதுவோ அதனிடம் போய் நில்லுங்கள், சண்டை போட்டாலும் பரவாயில்லை. ஆனால் கத்தி முடித்த பிறகு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நான் அதைத்தான் செய்யாமல் இருந்தேன்.

வரும் சனிக்கிழமை காலனி ஹாலுக்கு, நான் கூப்பிட்டதன் பேரில், இம்ரான் வருகிறான். அடுத்த மாதம் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. சுந்தரி அக்கா காலை ஷிஃப்ட் முடித்து வந்து பின்னால் நிற்பார், பாக்கெட்டோடு. அவன் இடது நாற்காலியில், நான் வலதில். அவன் தப்புச் செய்யும்போது என் கை போகாமல் இருக்க வேண்டும். அவன் வரியை அவனிடம் விட வேண்டும். எனக்கு அது இன்னும் முழுதாக வரவில்லை. சனிக்கிழமை முயன்று பார்க்கிறேன்.