கையுறை இல்லாமல் பிசைந்த சேறு

அலுமினியம் செய்ய அலுமினா எடுத்தபின் மிஞ்சும் சிவப்புச் சேற்றைக் கொட்ட இடமில்லாமல் ஆலைகள் திண்டாடுகின்றன. அதில் செங்கல் செய்து காட்டுகிறேன் என்று பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கூடம் தொடங்கினான் ஷ்ரேயாஸ். அங்கே சேறு பிசைந்தவள் மைதிலி. தங்கவயலில் பிறந்து, ஆட்டோ ஓட்டும் ஜெயவேலுவைக் கட்டிக்கொண்டு நீலசந்திராவுக்கு வந்தவள். குப்பையை வீடாக்குகிற வேலை என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அந்தச் சேற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். அமிலம் விட்டு அதன் காரத்தை முறித்த பிறகே பிசைய வேண்டும்; அப்போதும் முழங்கை வரை கையுறை போட்டாக வேண்டும். இதையெல்லாம் கவனிக்க வேண்டியவன் மேற்பார்வையாளன் நோயல். விவேக் நகர்க்காரன். மைதிலியை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

முதலீட்டாளர்கள் பார்க்க வந்த அன்று காலையில்தான் புதுச் சேறு வந்து இறங்கியது. அமிலம் விட நேரமில்லை. நோயல் இதை ஷ்ரேயாஸிடம் காதோடு சொன்னான். கொஞ்ச நேரம்தானே என்றான் ஷ்ரேயாஸ்.

இதைத் தொடலாமா என்று விருந்தாளி ஒருவர் கேட்டார். குழந்தைகூட விளையாடலாம் என்று சிரித்த ஷ்ரேயாஸ், மைதிலியிடம் கையுறையைக் கழற்றச் சொன்னான். அவள் நோயலைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவாதுக்கா" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

முதலில் வலிக்கவில்லை. சோப்பு போல வழுக்கியது. படம் எடுத்தார்கள். பிறகு விரலிடுக்கில் மிளகாய் அரைத்த மாதிரி எரிய ஆரம்பித்தது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்றாள். இன்னும் ஒரே ஒரு படம் என்று நிறுத்திவைத்தான் ஷ்ரேயாஸ். குழாயடிக்குப் போனபோது தண்ணீரோடு தோலும் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நோயல் சொன்னான்: "வீட்ல பாத்ரூம் அடைப்பு எடுக்கறப்ப காஸ்டிக் பட்டுச்சின்னு சொல்லிடுங்கக்கா. ஃபேக்டரின்னு சொன்னா மூடிடுவாங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

அப்படியே சொன்னாள். நியாயம் கேட்கக் கிளம்பிய ஜெயவேலுவையும் தடுத்தாள்.

புண் ஆறியது, விரல்கள் சுருங்கி மடங்கியபடியே நின்றுவிட்டன. திரும்பிப் போனபோது ஷ்ரேயாஸ் உட்காரவைத்து டீ வரவழைத்தான். இரண்டு மணிக்கட்டுகளாலும் அவள் கோப்பையைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வருகிறவர்கள் இந்தக் கையைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள் என்று கன்னடத்தில் சொன்னான். அதோடு வேலை முடிந்தது. அவள் இடத்தில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். ஜீவனஹள்ளி நிக்கோல், நோயல் மனைவியின் தங்கை.

அன்றும் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். நிக்கோல் கையுறையைக் கழற்றுவதை வாசலை நெருங்கியபோது மைதிலி பார்த்தாள். ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"தொடாதம்மா. என் கையப் பாரு, இதுல வெந்ததுதான்."

விருந்தாளிகள் முகம் மாறியது. நோயல் முன்னால் வந்தான். "இல்ல சார், இவங்க வீட்ல பட்டது. ஆஸ்பத்திரில இவங்களே சொன்னாங்க. வேலை போன வருத்தத்துல பேசறாங்க."

நிக்கோல் சேற்றில் கைவிட்டுப் பிசைந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். கழுவிவிட்டு விரித்துக் காட்டினாள். கை அப்படியே இருந்தது. ஒரு அம்மாள் மைதிலியைப் பார்த்து, பாவம் என்பது போலத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

வாசல்வரை கொண்டுவிட வந்தவள் நிக்கோல்தான். நல்ல பெண், மைதிலியைத் தேற்ற நினைத்தாள். "பயப்படாதீங்க ஆன்ட்டி. நான் தொடப்போறேன்னு நோயல் மாமா நேத்தே ஆசிட் வுட்டு, ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாரு."

மைதிலி அந்தப் பெண்ணின் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே ஜெயவேலு காத்திருந்தான். கம்பியைப் பிடிக்க முடியாமல் அவன் தோளில் சாய்ந்து ஆட்டோவில் ஏறினாள். உள்ளே என்ன ஆச்சு என்று கேட்டான்.

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவல" என்றாள்.