அறுபத்தைந்து பேருக்கு ஒரு போதகர்

மாப்பிள்ளையை ஒரு வீட்டுக்குப் பிடித்தால் போதும். போதகரை ஒரு சபைக்கே பிடித்தாக வேண்டும் என்பதுதான் போதகர் தேடும் வேலையில் முதல் பாடம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் பாப்டிஸ்ட் சபை. மற்ற சபைகளில் பேராயர் ஒரு கடிதம் போட்டால் போதகர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார். எங்களுக்குப் பேராயர் கிடையாது. நாங்களே விளம்பரம் கொடுத்து, வரவழைத்து, பிரசங்கம் கேட்டு, ஓட்டுப் போட வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கை தூக்கினால்தான் அழைப்பு. செயலாளர் நான். டவுனில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சபைக்கு ஜெராக்ஸ் இலவசம் என்பதைத் தவிர என்னிடம் வேறு தகுதி எதையும் யாரும் கண்டதாகத் தெரியவில்லை. சங்கம், கமிட்டி, கோயில் நிர்வாகம் என்று எதிலாவது செயலாளராக மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கம், எங்களுக்கு ஒன்பது குடும்பங்களும் ஒரு தகரக் கூரை ஜெப வீடும் உண்டு. மாதத்தில் இரண்டு ஞாயிறு போதகர் மலை ஏறிப் போவார். பழைய போதகர் மூட்டு வலியோடு மகள் வீட்டுக்குப் போய்ப் பதினாலு மாதமாகியும் மேலே யாரும் போகவில்லை. ஏழு பேர் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தார்கள். மலை ஏறாத போதகர் வந்தால் அந்த ஜெப வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பயோடேட்டா

விளம்பரத்துக்கு இருபத்துமூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒருவர் கல்யாண ஆல்பத்திலிருந்து போட்டோ அனுப்பியிருந்தார், மனைவியைப் பாதியில் வெட்டிவிட்டு. ஒருவர் தனக்கு நீச்சல் தெரியும் என்று எழுதியிருந்தார். போன் செய்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வரிசையில்தான் கேட்டார்கள்: போதகர் வீட்டில் எத்தனை அறை, பக்கத்தில் இங்கிலீஷ் மீடியம் பள்ளி உண்டா, மலைக்கு வேறு யாராவது போவார்களா.

அத்தனையையும் கமிட்டிக்காகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்த வக்கீல் குமாஸ்தா ஒன்றை எடுத்து நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இன்னா சார், எங்க வக்கீலே தன்னைப்பத்தி இவ்ளோ நல்லதா சொல்லிக்க மாட்டாரு."

பன்னிரண்டு நிமிடம்

முதலில் வந்தவர் தேவசகாயம். சங்கராபுரம் பக்கத்து ஆள், நாற்பத்தெட்டு வயது. அன்று சோதனைப் பிரசங்கம். எங்கள் வழக்கப்படி பிரசங்கம் முடிந்ததும் சபைக்கே பிரியாணி. பெண்கள் தம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, வேதாகமத்தைத் திறப்பதற்குள் மனிதர் "ஆமென்" என்றுவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நிமிடம். சொன்னதெல்லாம் சரிதான், தெளிவாகவும் இருந்தது. ஆனாலும் எங்களுக்கு ஏமாந்த மாதிரி இருந்தது. தம் உடையாமல் அரை மணி நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மூத்த உதவிக்காரர் யாக்கோபு, போதகருக்கு அடுத்தபடி சபையில் எல்லாம் அவர்தான், என் காதருகே குனிந்தார். "பன்னெண்டு நிமிசத்துக்கு இன்னாத்துக்குப்பா ஆட்டுக்கறி? முட்டையே ஜாஸ்தி."

தொட்டி

சாப்பிட்டதும் தேவசகாயம், ஞானஸ்நானத் தொட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டார். நாங்கள் தலையில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் இல்லை, முழுதாக முக்கி எடுக்கிறவர்கள். அதற்காக மேடைக்குக் கீழே ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. பலகையைத் தூக்கினால் உள்ளே கால் உடைந்த நாற்காலிகள், கிழிந்த பாய், மூன்று வருடத்துக் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள், தேங்காய் நார் மூட்டை ஒன்று. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். பிறகு துடைப்பம் கேட்டார்.

கமிட்டிக்கு இது பிடிக்கவில்லை. வாட்ச்மேன் செய்கிற வேலையைப் போதகர் செய்தால் சபைக்கு மரியாதை எங்கே என்றார்கள். நானும் அவர் பேருக்கு நேரே குறைகள் பட்டியலில் அதை எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டில் அந்தத் தாளைப் பார்த்த என் மனைவி சொன்னாள்: "தொட்டி கழுவுறது குறைன்னா, அந்தக் குறை உங்களுக்கு எப்போ வரும்?"

பாறை மேல்

அடுத்து வந்தவர் பிரின்ஸ். சென்னையில் இறையியல் படித்தவர், முப்பத்தைந்து வயது, நல்ல குரல். ஐம்பது நிமிடம் பேசினார். யாக்கோபு அண்ணனே இரண்டு முறை மூக்கைச் சிந்தினார். சபைக்கு ஆளைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மறுநாள் மலைக்குக் கூட்டிப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் பையில் எலுமிச்சம்பழத்தைத் தேடினார். மூன்றாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னோம். எட்டாவது வளைவிலும்.

ஜெப வீட்டில் எல்லோரும் மரவள்ளிக் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரின்ஸ் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. உடம்பு ஒத்துழைக்காது, அதனால் மாதம் இரண்டு ஞாயிறும் வீடியோ காலில் ஆராதனை நடத்துகிறேன் என்றார். மலைச் சபையைப் பார்த்துக்கொள்ளும் சின்னத்தம்பி வெளியே கை காட்டினார். "அந்தப் பாறை மேல ஏறுனாதான் ஐயா சிக்னலு. முப்பது பேரு நிக்க முடியாது, நாலு நாலு பேரா ஏறட்டுமா?"

ஒன்பது மணி

ஓட்டெடுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. நேரில் வந்தவர்களுக்குத்தான் ஓட்டு. ஐம்பத்துநாலு பேர் வந்தார்கள், பிரின்ஸுக்கு நாற்பத்தொரு கை. முக்கால்வாசியைத் தாண்டி அரைக் கை மிச்சம். அந்த நாற்பத்தொன்றில் என் கையும் ஒன்று. நான் தீர்மானத்தை எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் சின்னத்தம்பி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னால் பத்துப் பேர், எல்லோரும் சலவைச் சட்டை, சலவைப் புடவையில். மலையிலிருந்து முதல் பஸ்ஸே கள்ளக்குறிச்சிக்குப் பத்தேகாலுக்குத்தான் வரும். பத்தொன்பது வருடமாக நான்தான் நோட்டீஸ் அடிக்கிறேன். அத்தனை வருடமும் ஒன்பது மணி என்றுதான் அடித்திருக்கிறேன். அந்த பஸ்ஸை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சபைச் சட்டப்படி, சபை கூடும் எல்லா இடத்திலும் இரண்டு ஞாயிறு நோட்டீஸை வாசிக்க வேண்டும். மலையில் யாரும் வாசிக்கவில்லை. ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்த சின்னத்தம்பி, சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைத் திரட்டி வந்திருக்கிறார். எழுந்து நின்று அதைச் சொன்னேன். தப்பு என்னுடையது, இந்த ஓட்டு செல்லாது என்றேன். யாக்கோபு அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பதினாலு மாசம் கழிச்சி ஒரு ஆளு கிடைச்சான். அவனையும் பஸ் டைமைச் சொல்லித் தொரத்துறியா?"

நோட்டீஸ்

அடுத்த இரண்டு ஞாயிறும் நானே மலை ஏறி நோட்டீஸை வாசித்தேன். செயலாளராகி ஜெப வீட்டுக்குள் நின்று நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வாசித்து முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு அம்மா, ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கும் ஏழு பேரில் ஒருத்தர், கையைத் தூக்கினார். "இவ்ளோதானா ஐயா? இதப் படிக்கவா இத்தினி வருசமா ஆளு இல்ல?"

அறுபத்தைந்து

இந்தத் தடவை கூட்டம் பதினொரு மணிக்கு. வந்தவர்கள் அறுபத்தைந்து பேர். பிரின்ஸுக்கு அதே நாற்பத்தொன்று. போதவில்லை. யாக்கோபு அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது சின்னத்தம்பி எழுந்து, தொட்டியைக் கழுவினாரே, அவரைக் கேட்கலாமா என்றார். மலை வரைக்கும் அந்தக் கதை எப்படிப் போயிற்றோ! பன்னிரண்டு நிமிடம்தான் பேசுவார் என்று யாரோ எச்சரித்தார்கள். யாக்கோபு அண்ணன்தான் முதலில் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். ஐம்பத்தெட்டு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பார்க்காத. பிரியாணி கம்மியா செஞ்சா போதும்னு தூக்கினேன்."

ஓடை

தேவசகாயம் பாஸ்டர் வந்ததும் முதல் வேலையாக அந்த ஏழு பேருக்கும் மலை ஓடையிலேயே ஞானஸ்நானம் என்று அறிவித்தார். கீழிருந்து சபை முழுக்க மேலே போக வேண்டும், ஆராதனை ஒன்பது மணிக்கு. நோட்டீஸ் அடித்தவன் நான்தான். நேரம் போட்டது சின்னத்தம்பி. கீழிருந்து முதல் பஸ் கரியாலூருக்கு எப்போது போகும் என்று இந்தத் தடவையும் நான் பார்க்கவில்லை. நாங்கள் நாற்பது பேரும் மூச்சு வாங்க ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஏழு பேரும் வெள்ளை உடுப்பில் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் தலையும் நனையவில்லை. முந்தின நாளே மலை ஏறிவிட்ட பாஸ்டர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சின்னத்தம்பி கையமர்த்தினார். "பரவால்ல ஐயா. நீங்க வராம எப்படி ஆரம்பிக்கிறது?"

போதகரைத் தேடி இருபத்துமூன்று பயோடேட்டா பார்த்த எனக்கு, கடைசிவரை பார்க்கத் தெரியாமல் போனது பஸ் டைம் ஒன்றுதான்.