கறி தொங்கிய அறை

என் வீட்டுக்காரர் எசென்குல் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர் தொக்மோக்கிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டுகிறவர். வேன் ஓடாத நாளில் வீட்டிலிருப்பவர்களை விரட்டிக்கொண்டிருப்பார். அன்று காலை எங்கள் மகள் ஷார்கான் போன் செய்தாள். "அம்மா, இனிமே அந்த ஆளோட இருக்க முடியாது. குழந்தையத் தூக்கிக்கிட்டு சாயங்காலம் வந்துடறேன்." அவரிடம் சொன்னேன். நேராகப் போய், வெந்நீரைச் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கும் பாய்லர் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பரில் குளிர்காலக் கறிக்காகக் குதிரையை வெட்டியதிலிருந்தே அந்தக் கேஸ் பாய்லருக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. பற்றவைத்தால் சூடு எகிறும், சிவப்பு விளக்கு எரியும், தானே அணைந்துவிடும். ஆறும்வரை காத்திருந்து மறுபடி பொத்தானை அமுக்க வேண்டும். நாங்கள் கோட்டோடு தூங்கிப் பழகிவிட்டோம். பச்சைக்குழந்தை என்ன செய்யும்?

அவர் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்துவிட்டார். பம்பைக் கழற்றி மாட்டினார். வடிகட்டியைக் கழுவினார். பாய்லர் மறுபடி அணைந்தது.

"பாய்லர வித்தவன் நல்லா ஏமாத்திட்டான்."

"அவனத் திட்டினது போதும். தள்ளுங்க."

நான் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போனேன். சமையலறை வரை கொதித்தது. கடைசி அறையைத் தாண்டி பாய்லருக்குத் திரும்பும் இடத்தில் சில்லென்றிருந்தது. எங்கள் வீட்டில் எல்லா அறைக்கும் ஒரே குழாய். தண்ணீர் கடைசி அறை வழியாகத்தான் திரும்ப வேண்டும். அது ஷார்கானின் அறை. அறை குளிர்ந்து கறி கெடாமலிருக்க, அங்கே குழாய் வால்வை இறுக்கிவிட்டுக் குதிரைக்கறியைத் தொங்கவிட்டவர் இவர்தான்.

"இத்தன வருஷமா வண்டி ஓட்டுறீங்க. தண்ணி சுத்தலேன்னா இன்ஜின் கொதிக்கும்னு தெரியாதா?"

"தெரியும். காலையிலயே புரிஞ்சிடுச்சு."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

"அந்த ரூமச் சூடாக்கினா அவ இங்கயே தங்கிடுவா, பூருல். கட்டிக் குடுத்த பொண்ணு ஏன் திரும்பி வந்தான்னு வேன்ல ஏறுறவனெல்லாம் கேப்பான்."

"கேக்கட்டும். கறிய எறக்குங்க. இல்லேன்னா நானும் அவளோடயே கெளம்பிடுவேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். அவர் வருவாரா மாட்டாரா என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் வந்து விலாக்கறியை இறக்கிக் கொட்டகைக்குச் சுமந்தார். வால்வைத் திறந்தார். குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று ஓடியது. பாய்லர் அதற்குப் பிறகு அணையவில்லை.

இருட்டும் நேரத்தில் ஷார்கான் வந்தாள். அறையில் கறிவாடை இன்னும் போகவில்லை. குழந்தையைச் சுற்றிய போர்வையைக்கூடப் பிரிக்காமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ரெண்டு நாள் இருந்துட்டு வேற எடம் பாத்துக்கறேன், அப்பா."

அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

"நீ போனா கறியத் தொங்கவிட இந்த ரூம் வால்வ மூடணும். மூடினா பாய்லர் நின்னுடும். மறுபடி அதோட மல்லுக்கட்ட என்னால ஆகாது. குழந்தை போர்வையப் பிரி."