கூப்பிட்டால் திரும்புகிற பேர்

தேசம்மா அந்தப் பேரைச் சொன்னதும் பந்தலில் இருந்த எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் காதில் பேர் சொல்லக் குனிந்த நாத்தனார் கன்னியம்மா குனிந்தபடியே நின்றுவிட்டாள். அவள் வாயில் தயாராக இருந்தது வேறு பேர்.

"இன்னாது?" என்றாள் கன்னியம்மா.

"விடிவெள்ளி" என்று மறுபடியும் சொன்னாள் தேசம்மா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். சாந்தோம் மாதா கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்த குப்பம். அங்கே பிள்ளைகளுக்குச் சாமி பேர் வைப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர் பேர் வைப்பார்கள். கட்டுமரக்காரர்கள் கடலில் இறங்குமுன் தலைதூக்கிப் பார்க்கிற நட்சத்திரத்தை இழுத்து வந்து ஓர் ஆண்பிள்ளைக்குப் பேராக வைத்ததாக அங்கே சரித்திரமே கிடையாது. நாளைக்கு வாடைக்காற்று, கொண்டல்காற்று என்றெல்லாம் வைப்பாளோ என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். சிரிக்க வைக்கத்தான் சொன்னார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பேர்தான் ஏற்கெனவே முடிவாகிவிட்டதே! அந்த வீட்டு ஆண் வாரிசுக்குத் தாத்தா பேர். தாத்தா மாசிலாமணி புது வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலையை மடித்தபடி பந்தல்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு. கரையில் சண்டை முற்றினால் அவர் எழுந்து வந்தால் போதும், அடங்கிவிடும். தேசம்மாவின் மூத்த பையனுக்கும் அவர் பேரைத்தான் வைத்தார்கள். அந்த மூத்தவன் மூன்று வயசில் தொலைந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது பிறந்திருப்பவன் அவனேதான், போனவன் வழி கண்டுபிடித்து வந்துவிட்டான், அதே பேரை வைத்தால்தான் தங்குவான் என்று பெரியவர் பிள்ளை பிறந்த அன்றே சொல்லிவிட்டார். தேசம்மாவின் புருஷன் கோபாலும் தலையாட்டிவிட்டான். பெற்றவளை யாரும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமும் இல்லை.

தேசம்மாவின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலையில் கூடையோடு சாந்தோமில் அவள் "வஞ்சிரம், வவ்வாலு" என்று ஆரம்பித்தால் மூன்று தெரு தள்ளி அடுப்பங்கரையில் சட்டியைக் கழுவ ஆரம்பிப்பார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டையில் இரண்டு பேர் மட்டும் ஏறவே ஏறாது. ஒன்று புருஷன் பேர், இன்னொன்று மாமனார் பேர். சொன்னால் அவர்கள் ஆயுசு குறைந்துவிடும். கரையில் கோபால் என்று இன்னொருத்தர் இருந்தார், வலை பின்னுகிறவர். அவரைக்கூட அவள் வலைக்காரரே என்றுதான் கூப்பிடுவாள். ஆக, மூத்தவனுக்கு மாமனார் பேரை வைத்த அன்றைக்கே தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பாத்தியதை அவளுக்குப் போய்விட்டது. இது யாருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும்தான். குப்பத்தில் பாதி அம்மாக்கள் நிலைமை அதுதானே. ராசா என்பாள், கண்ணு என்பாள், கோபம் வந்தால் டேய் என்பாள். பையன் வந்துவிடுவான்.

பெரியவர்தான் பேரனுக்குப் பேரைப் பழக்கினார். வாசலில் யாராவது மாசிலாமணி என்று கூப்பிட்டால் கிழவரும் பேரனும் ஒரே நேரத்தில் "தோ கீறேன்" என்று கத்துவார்கள். கூப்பிட்டவர் எந்த மாசிலாமணிக்குப் பதில் சொல்வது என்று முழிப்பார். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது இந்தக் கூத்து நடக்கும்.

நாலு வருஷத்துக்கு முந்தின பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று கடலில் மீன் ஏகமாகப் பட்டுக்கொண்டிருந்ததால் பெரியவரும் கோபாலும் கட்டுமரம் ஏறிப் போய்விட்டார்கள். தேசம்மா கூடையைத் தொடாமல், குளித்துப் பூ வைத்துக்கொண்டு, பையனைக் கூட்டிக்கொண்டு தெற்கு மாடவீதிக்குப் போனாள். நீர்மோர்ப் பந்தலில் மோர் வாங்க ஒரு கையை நீட்டினாள். குவளை தளும்பியது, இன்னொரு கையையும் கொடுத்தாள். அவ்வளவுதான். திரும்பினால் பையன் இல்லை.

ராசா என்று கத்தினாள். நாலைந்து பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. அவள் பிள்ளை திரும்பவில்லை. அந்த வீதியில் எத்தனை அம்மாக்கள், எத்தனை ராசாக்கள்! கண்ணு என்றாள், அதற்கும் யார் யாரோ திரும்பினார்கள். தொலைந்த பிள்ளைகளுக்காகத் தமுக்கு அடித்துக் கூவ ஓர் ஆளை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவனிடம் ஓடினாள். பையன் பேர் என்ன என்று கேட்டான். எங்க மாமனார் பேரு என்றாள்.

"உங்க மாமனாரு இன்னா கவர்னரா, எனக்குத் தெரியறதுக்கு? பேரச் சொல்லும்மா."

பேர் தொண்டைவரை வந்தது. அந்த நேரத்தில் அவள் மாமனார் நடுக்கடலில் நாலு கட்டைமேல் நின்றுகொண்டிருந்தார். இங்கே இவள் வாயைத் திறந்தால் அங்கே என்ன ஆகும்? அவள் தலையைத் தலையை ஆட்டினாள், கையைப் பிசைந்தாள். வாய் திறக்கவில்லை. அவன் காத்திருந்து பார்த்துவிட்டு, மூணு வயசுப் பையன், சிவப்பு அரைஞாண் கயிறு என்று தமுக்கை அடித்தான். அந்தக் கூட்டத்தில் மூணு வயசும் சிவப்பு அரைஞாணும் ஆயிரம் இருக்கும். விளக்கு வைத்த பிறகு விஷயம் தெரிந்து குப்பமே ஓடிவந்து பேர் சொல்லிக் கூவியது. அதற்குள் சாமி நாலு வீதியும் சுற்றி முடித்துவிட்டது. குளத்தில் ஆள் இறக்கித் தேடினார்கள், சைதாப்பேட்டை வரை போய் விசாரித்தார்கள். பையன் கிடைக்கவே இல்லை. தமுக்கு போட்டாயா என்று எல்லாரும் கேட்டார்கள், போட்டேன் என்றாள். என்ன சொல்லிப் போட்டாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மறுபடி பிள்ளை உண்டாகியிருந்தபோது ஒரு நாள் மீர்சாகிப்பேட்டையில் வாடிக்கைக்காரி அமீனா பீ வீட்டு வாசலில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள் தேசம்மா. தெருக்கோடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கில்லி ஆடிக்கொண்டிருந்தார்கள். அமீனா பீ கதவோரம் நின்று ஷரீஃப் என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். ஒரே ஒரு தலை திரும்பியது. தேசம்மாவின் கை அரிவாள்மணையில் அப்படியே நின்றது. அமீனா பீயை இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள். எதற்கு என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை, ஆனாலும் கூப்பிட்டாள். மறுபடியும் அதே தலை.

அன்றிலிருந்து அவள் பேர் தேடினாள். அழகுக்காகத் தேடினாள் என்று குப்பத்தில் பிற்பாடு கேலி பேசினார்கள். அழகு யாருக்கு வேண்டும்? ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பேராக இருக்க வேண்டும், அவள் வாயால் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். விடியற்காலையில் கட்டுமரம் கரையேறக் காத்து நிற்கும்போது தினமும் தலைக்கு மேல் இருந்தது அந்தப் பேர்.

பந்தலில் பெரியவர் கோபப்படவில்லை. வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, எம்பேரு வாணாமா?"

"அந்தப் பேருக்கு ஆள் கீறான், மாமா. வந்துட்டான்னா அவன இன்னான்னு கூப்புடறது?" தேசம்மா அதோடு நிறுத்தவில்லை. "இவன நான் கூப்புடணும். எவ்ளோ கூட்டம் இருந்தாலும் இவன் ஒருத்தன்தான் திரும்பணும்."

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, மிக மெதுவாக, அவர் முகம் மாறியது.

"அன்னிக்கி நீ அவன பேர் சொல்லிக் கூப்புடவே இல்லியா?"

"எப்டி மாமா கூப்புடுவேன்? நீங்க கடல்ல இருந்தீங்களே."

கன்னியம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கோபால் தன் பெண்டாட்டியை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். நாலு வருஷமாக அவளை வாய் ஓயாமல் குற்றம் சொன்னவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். கையை விட்டாள் என்றார்கள், கண் வைக்கவில்லை என்றார்கள். வாயைக் கட்டிவைத்தது தாங்கள்தான் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. பெரியவர் எழுந்தார். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார். கடல் பக்கம் நடந்தவர் திரும்பாமலே மகளிடம் சொன்னார்: "அவ சொன்ன பேரையே சொல்லு."

கன்னியம்மா மூன்று தடவை சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு மாதம், தேசம்மா காரணமில்லாமல் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பால் கொடுக்கும்போது சொல்வாள், தூங்குகிறவனை எழுப்பியும் சொல்வாள். சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

பங்குனி வந்தது. உற்சவத்தன்று காலையில் பெரியவர் கடலுக்குப் போகவில்லை. வந்து வாசலில் நின்று, புறப்படும்மா என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். தெற்கு மாடவீதியில் அதே நீர்மோர்ப் பந்தல், அதே கூட்டம். பெரியவர் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"கூப்புடு" என்றார்.

முடியாது என்று தலையாட்டினாள். ஆயுசு என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"எனக்கு எதுக்கும்மா இன்னும் ஆயுசு? கூப்புடு."

முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை, மூன்று தெருவுக்குக் கேட்கும் அந்தக் குரலில், மாசிலாமணி என்று கூப்பிட்டாள். கூட்டம் திடுக்கிட்டுத் திரும்பியது. ஏழு வயசு இருக்கும் பையன்கள் ஒவ்வொருவரையும் அவள் கண் தேடியது. எல்லாரும் வேடிக்கைதான் பார்த்தார்கள்.

"தோ கீறேன்."

குரல் பக்கத்திலிருந்து வந்தது. அறுபது வருஷப் பழக்கத்தில் பெரியவரின் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. கைப்பிள்ளை அழ ஆரம்பித்தான். தேசம்மா அவனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள்.