கூட வந்தது யார்?

போன கிழமை கண் கிளினிக்குக்காகப் பேராதனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில், மனநல அவசரப் பிரிவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார் அடுத்த வீட்டுச் செல்வராஜ் அண்ணன். மாநகரசபையில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் மெல்பர்னில்.

இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு பேக்.

"யாரைக் காட்ட வந்தீங்க அண்ணே?"

"என்னையத்தான் தங்கச்சி."

பேக்கில் சாரம், துவாய், சவர்க்காரம்... தானே மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நித்திரை போய், 'இனி இருந்து என்ன' என்ற நினைப்பு அடிக்கடி வரத் தொடங்கியதும் பயந்து பஸ் ஏறிவிட்டாராம். யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் எதற்கு இருக்கிறேன்?

முன்பெல்லாம் இப்படியா வந்தார்கள்? கம்பளையிலிருந்து, அக்குறணையிலிருந்து — வேன் நிறைய ஆட்கள். நடுவில் வருத்தக்காரர். இரண்டு பக்கமும் கையைப் பிடித்தபடி மச்சான்மார். பின் சீட்டில் பெண்களின் அழுகை. கோயிலில் நூல் கட்டி, பள்ளிவாசலில் தண்ணீர் ஓதிக் குடித்து, ஒன்றும் சரிவராமல் கடைசியாகத்தான் ஆஸ்பத்திரி.

"இப்ப நெறைய பேர் தனியாதான் வாறது," என்றார் நர்ஸ், தன் சிங்களம் கலந்த தமிழில். கெம்பஸ் பிள்ளைகள், வயதானவர்கள், ஒஃபிஸிலிருந்து நேரே வருகிறவர்கள்... முற்ற விடாமல் நேரத்தோடு வருவது நல்லதுதான். முன்னேற்றம்தான். யார் இல்லை என்றார்கள்?

ஆனால், கேள்வி மட்டும் அதே பழைய கேள்வி.

"கூட வந்தது யாரு?"

"யாரும் வரல்ல மிஸ்."

"ஒருத்தர் வேணும். போன் பண்ணிக் கூப்பிடுங்க."

அண்ணன் போனை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தார்.

"பரவால்ல மிஸ். இன்னொரு நாளைக்கு வாறேன்."

அந்த இன்னொரு நாள் வருமா? எனக்குப் பதறிவிட்டது. அவர் பேக்கைப் பிடித்து இழுத்தேன். "நான் வந்திருக்கேன் மிஸ். தங்கச்சி."

நர்ஸ் என் முக்காட்டைப் பார்த்தார். அவருடைய திருநீற்றைப் பார்த்தார். 'தங்கச்சி' என்றே எழுதிக்கொண்டார்.

டாக்டருக்காகக் காத்திருந்தபோது அண்ணன் மெல்லச் சொன்னார்: "முந்தி அந்த வேன்களப் பாத்தா பாவமா இருக்கும். இன்னைக்கு பஸ்ல வர்றப்ப... என்னையும் நாலு பேர் அழுதுக்கிட்டு, புடிச்சு இழுத்துக்கிட்டு வந்திருக்கக் கூடாதான்னு இருந்திச்சு."

அந்தச் சத்தமும் நெரிசலும் எனக்கும் வேண்டும் போலிருந்தது. நோயை நாமே கண்டுபிடிக்கப் படித்துக்கொண்டோம். அதோடு சேர்த்து, தனியாகப் போகவும் படித்துவிட்டோம்.

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"மகளுக்குச் சொல்லிராதீங்க. பயந்துருவா."

"சரி அண்ணே."

"அவளாவே கேட்டா... சொல்லிருங்க."

அவளிடம் என் நம்பர் இருக்கிறது. இதுவரை அழைப்பு வரவில்லை.

நேற்றுப் பார்க்கப் போனேன். நித்திரை கொஞ்சம் வருகிறதாம், முகமும் தெளிந்திருக்கிறது. இதை என் பத்திரிகைப் பக்கத்தில் எழுதட்டுமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"எழுதுங்க. பேர மட்டும் மாத்திருங்க," என்றார்.

வாசல் வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டார்.

"ஊர மாத்த வேணாம் தங்கச்சி. மகள் ஒங்க பக்கத்தக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவ."