போய்ட்டு வர்றேன்னு அவ சொல்லல

தலையில் தகரப் பெட்டியோடு நான் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்தடி முன்னால் நர்சம்மா போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் கழற்றிய செருப்பு, இன்னொரு கையில் தூக்கிப் பிடித்த புடவைக் கொசுவம். ஜவ்வாது மலையிலிருந்து அமிர்தி பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை அது. மழை பெய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் சரளை உருண்டது. அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் வளைவுக்கு வளைவு நின்று, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்போடு திரும்பி மேலே பார்த்தேன். அவருடைய புருஷன் பின்னால் வந்துவிடுவாரோ என்ற பயம். மதியம் அமிர்தியில் வேலூர் பஸ். அதை விட்டால் மறுநாள் மதியம்தான். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை நர்சம்மா ஆஸ்பத்திரியில் போய் நிற்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயது இருக்கும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். செங்கல் சூளை, கரும்பு வெட்டு, லாரியில் மூட்டை என்று எதிலும் ஓர் ஆண்டுக்கு மேல் நின்றதில்லை. புளி மூட்டை ஏற்றப் போன இடத்தில், சோறும் படுக்க இடமும் உண்டு என்று சொன்னதால் மலையிலேயே தங்கிவிட்டேன். சோறு போட்டவர் உபதேசியார். மலையில் இருந்த மாதா கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற நாளில் ஜெபம் சொல்வது, வேதம் படிப்பது எல்லாம் உபதேசியார் வேலை. ஆனால் மலைக்காரர்களுக்கு அவர் அதற்கும் மேலே. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுவார். ஃபாரஸ்ட் கார்டு வந்தால் முன்னால் போய் நிற்பார். பயந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் அவனுக்காக இவர் பேசி முடித்திருப்பார். "உபதேசியாரு கீறப்ப நமக்கு வாயி எதுக்கு?" என்று மலையில் சிரிப்பார்கள். அது கேலி இல்லை, மரியாதை. நல்ல மனிதர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அவர் மனைவியை எல்லோரும் நர்சம்மா என்றார்கள். கல்யாணத்துக்கு முன்பு வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் வேலை பார்த்தவர். மலையில் பிரசவம் என்றால் இரண்டு மலை தாண்டி நடந்து போய்விடுவார். அதிகம் பேசமாட்டார். அவர் பேச வேண்டியதையும் உபதேசியாரே பேசிவிடுவார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த டாக்டரம்மா தன் நாட்டுக்குத் திரும்பும்போது, படம் காட்டும் மெஷின் ஒன்றையும் சில தகர டப்பாக்களையும் நர்சம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றில் வேதக் கதைகளும் இருந்தன. ஆனால் மலைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த ஒரே ஒரு இங்கிலீஷ் சிரிப்புப் படத்தைத்தான். கறுப்பு வெள்ளை ஊமைப் படம்; பேச்செல்லாம் நடுநடுவே இங்கிலீஷ் எழுத்தாக வரும். பெயர் வரும் பாகம் அறுந்துபோயிருந்தது. அதில் நடித்தவர்கள் யார், எந்தக் காலத்துப் படம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிற்பாடு விவரம் தெரிந்த சிலரிடம் கதையைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்; ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. நாங்கள் அதைப் புருஷன் பொண்டாட்டிப் படம் என்றோம். தொப்பி போட்ட புருஷன், ஐந்து பிள்ளைகள், ஒரு நாய், சதா அடுப்படியில் நிற்கிற பெண்டாட்டி. ஒருநாள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். புருஷன் மாவைத் தலையில் கொட்டிக்கொள்கிறான், பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்குப் பதிலாக நாயைக் குளிப்பாட்டுகிறான். மூன்று ரீல் படம். எங்களிடம் இருந்தது இரண்டு. மூன்றாவது ரீல் மலைக்கு வரவே இல்லை.

இல்லாத ரீலை உபதேசியார் வாயாலேயே ஓட்டுவார். மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு படம் முழுவதையும் தமிழில் சொல்வது அவர்தான். புருஷனுக்கு ஒரு கனைத்த குரல், பெண்டாட்டிக்கு ஒரு மெல்லிய குரல். இரண்டாவது ரீல் முடிந்து வெள்ளை வெளிச்சம் விழுந்ததும், "அப்புறம் அந்தம்மா திரும்பி வந்துச்சி. புருஷன் கால்ல வுழுந்துச்சி. குடும்பம்னா விட்டுக்கொடுக்கறதுதான்" என்று முடிப்பார். ஜனங்கள் திருப்தியாக எழுந்து போவார்கள். மெஷினை நானும், ஜெனரேட்டரைக் கம்பில் கட்டி இரண்டு மலையாட்களும் சுமந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு ஊருக்குப் போயிருக்கிறோம். எல்லா ஊரிலும் அவள் திரும்பி வந்தாள்.

நாங்கள் மலையிறங்கியதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, நர்சம்மாவின் கைக்கே ஒரு கடிதம் வந்தது. அவரோடு முன்பு வேலை பார்த்த சிநேகிதி எழுதியது. அந்தச் சிநேகிதி அப்போது அதே ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ். "உன்னை வேலைக்குக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்று பதில் வந்ததே, அது நீ சொன்னதுதானா? செவ்வாய்க்கிழமை காலைவரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன்." அப்படி ஓர் அழைப்பு வந்ததே நர்சம்மாவுக்குத் தெரியாது. உபதேசியார் அதைப் பிரித்துப் படித்து, அவளுக்கு விருப்பமில்லை என்று அவரே எழுதி அனுப்பிவிட்டார். அந்தப் பதிலைக் கொண்டுபோய்க் கீழே தபால் பெட்டியில் போட்டவன் நான். உறைமேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததால் யாருக்கு என்றுகூட எனக்குப் புரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஜெபம் முடிந்து கோயிலிலேயே படம். இருட்டுவதற்குள் ஜனங்கள் காட்டைத் தாண்டி வீடு சேர வேண்டும் என்பதால் நாங்கள் பகலில்தான் காட்டுவோம். ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு ஆணி அடித்துவிடுவேன். உள்ளே புழுக்கமும் ஈரக் கம்பளி நாற்றமும். ஒருநாளும் படத்துக்கு வராத நர்சம்மா அன்று வந்து, பெண்கள் பக்கம் முதல் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முந்தின நாளிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் வைத்த சோற்றை உபதேசியார் தொடவில்லை.

படம் ஓடியது. "அஞ்சு புள்ளைங்களுக்கு அப்பன், ஒரு வெறகு ஒடிக்கத் தெரியல பாரு" என்றான் ஒருவன். "வாய மூடு. உனக்கு மட்டும் தெரியுதாக்கும்" என்றாள் அவன் பெண்டாட்டி. ஒரே சிரிப்பு. பெண்டாட்டிக்காரி பெட்டியை எடுக்கும் இடம் வந்தது. உபதேசியார் வழக்கம்போல மெல்லிய குரலில், "நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வர்றேங்க" என்றார்.

"அவ அப்படிச் சொல்லல."

குரல் யாருடையது என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. நர்சம்மா திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா வூட்டுக்குன்னு சொல்லல. வேல கெடச்சிருக்கு, வேலைக்குன்னு சொல்றா. போய்ட்டு வர்றேன்னும் சொல்லல. போறேன்னு சொல்றா."

நம் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்வதில்லை. கடைக்குப் போகிறவன்கூடப் போய்ட்டு வர்றேன் என்பான். போறேன் என்ற சொல் சாவு வீட்டுச் சொல். உபதேசியார் வேண்டுமென்றே மாற்றினாரா, நாக்கு தானாகவே அப்படித்தான் புரண்டதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தமிழ்நாட்டில் எவன் நின்று அந்தக் கதையைச் சொல்லியிருந்தாலும் போய்ட்டு வர்றேன் என்றுதான் சொல்லியிருப்பான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

திரையில் புருஷன் மாவைத் தலையில் கொட்டிக்கொண்டான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஊர்த்தலைவர், ஊர்க்கவுண்டர், கையை உயர்த்தி என்னிடம், "நிறுத்துப்பா அத" என்றார். நிறுத்தினேன்.

அந்த மலையில் ஒரு வழக்கம். புருஷனை விட்டுப் போக வேண்டும் என்று ஒருத்தி நினைத்தால், ஊர் முன்னால் அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். அப்பன் சொன்னாலும் செல்லாது, அண்ணன் சொன்னாலும் செல்லாது. அவள் சொல்லிவிட்டால் பிறகு யாரும் தடுக்கவும் முடியாது. ஊர்க்கவுண்டர் எழுந்து நின்று, மெதுவாகத்தான் கேட்டார்.

"நர்சம்மா, போறேன்னு சொல்றது படத்துல கீற பொம்பளையா, நீங்களா?"

"இல்ல கவுண்டரே, அவ இன்னா சொல்ல வர்றான்னா…" என்று உபதேசியார் ஆரம்பித்தார்.

"உங்கள கேக்கலீங்க."

அந்த மலையில் உபதேசியாரை ஒருவர் நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன். நர்சம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நான்தான் சொல்றேன். நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்றார். கம்பளியை விலக்கிக்கொண்டு வெளியே போனார். வெளிச்சம் திரைமேல் அடித்தது. இரண்டாவது ரீல் அன்று ஓடவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் உபதேசியார், மலைமேல் வேறோர் ஊரில் ஒரு சீக்காளிக்கு ஜெபம் சொல்லக் கிளம்பிப் போனார். அவள் போகமாட்டாள் என்று நினைத்தாரோ, போவதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாரோ. நர்சம்மா என்னிடம் வந்து, "பொட்டிய தூக்கிக்கினு வர்றியா, நானே தூக்கிக்கட்டுமா?" என்றார். தபால் பெட்டியில் போட்ட உறை எனக்கு நினைவு வந்தது. தூக்கிக்கொண்டேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஓர் ஓடையில் தண்ணீர் குடிக்க நின்றபோது, "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சிங்க. செங்கம் பக்கம்."

"அவங்க எங்க?"

"அங்கதான் இருப்பா. நான் வந்து ஆறு வருஷம் ஆவுது."

"சொல்லிட்டு வந்தியா?"

பீடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் சொன்னேன். "பீடி வாங்கிக்கினு வர்றேன்னு சொன்னேங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அவரு எனக்குப் பதிலா சொல்லிட்டாரு. நீ சொல்லவே இல்ல. எறக்கு பொட்டிய" என்றார். நான் தயங்கியதும் அவரே கை நீட்டி இறக்கி, புடவைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டி, பெட்டியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். மீதி மலையை வெறுங்கையோடு அவர் பின்னால் இறங்கினேன். அதைவிடக் கனமான சுமை நான் தூக்கியதில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் வெட்கம்தான் இருந்தது. கூடவே கழுத்து வலி தீர்ந்ததில் ஒரு சுகமும் இருந்தது.

அமிர்திக்கு வந்தபோது பஸ் நின்றிருந்தது. பஸ்ஸின் முன்னால் உபதேசியாரும் நின்றிருந்தார். குறுக்குப் பாதையில் ஓடி வந்திருக்கிறார். முழங்காலில் ரத்தம், வேட்டியெல்லாம் ஒட்டுப்புல். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் முதலில் பேசியது கண்டக்டரிடம். "அம்மா வரலீங்க. நீங்க போங்க."

கண்டக்டர், பெட்டியைச் சுமந்து நின்ற நர்சம்மாவைப் பார்த்தார். "இன்னாம்மா, வர்றீங்களா இல்லியா?"

"வர்றேன். வேலூர் ஒண்ணு குடுங்க."

தான் இப்போது என்ன செய்தோம் என்பது உபதேசியாருக்கு அந்தக் கணம் புரிந்தது. முகத்தில் அப்படியே தெரிந்தது. "பழக்கத்துல வந்துடுச்சி" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு, "அந்தப் படத்துலகூட அவ திரும்பி வந்துடறா" என்றார்.

"அது நீங்க சொன்ன முடிவு. அந்த ரீல நீங்களும் பாக்கல."

பஸ் உறுமியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "போய்ட்டு வர்றேன்னாவது ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

நர்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்களே சொல்லிக்குங்க. எனக்குப் பதிலா சொல்லித்தான பழக்கம்."

பஸ் போன பிறகு அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். "வழியில இன்னா சொன்னா?" என்று என்னைக் கேட்டார். "அத அவங்கள கேளுங்க" என்றேன். மெஷின் தூக்க வேண்டும், என்னோடு மேலே வா என்று கூப்பிட்டார். வரவில்லை என்றேன். அவர் மட்டும் மலையேறினார். அந்த இருவரும் பிறகு ஒன்று சேர்ந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. கேள்விப்பட்ட கதைகள் இரண்டு மூன்று உண்டு. அவற்றில் எதையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. இப்போது என் பேத்திகள் டிவியில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடும் சிரிப்பு நாடகம் பார்க்கும்போது, நான் அந்தச் சிரிப்புக்கு நடுவே பெண்களின் வாயை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் நடந்து கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை டீக்கடையில், கிணறு வெட்டுகிற கோஷ்டிக்கு ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார். பாறையில் வெடி வைத்துத் தோண்டும் கிணறு. போனேன். முந்தின மாதம் ஒருவன் கல் விழுந்து செத்திருக்கிறான். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாமல் பிணம் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. அதனால் மேஸ்திரி ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொருவனிடமும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"எதனா ஆச்சின்னா யாருக்குச் சொல்லி அனுப்பறது?"

இப்படிக் கேட்ட இடத்திலெல்லாம் ஆறு வருஷமாக நான் யாரும் இல்லை என்றுதான் சொல்லி வந்தேன். அன்று அவள் பெயரைச் சொன்னேன். ஊர், தெரு, வீட்டுக்கு எதிரே இருக்கும் புங்க மரம் வரைக்கும் சொன்னேன்.

"உனக்கு இன்னா ஆவணும்?"

"சம்சாரம்."

"நீ இங்க கீறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார். கடப்பாறையைக் கொடுத்தார். நான் கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்கினேன்.